முன்னறையில் கனடா நேரம்

தங்கபுஷ்பத்தின் வீட்டு முன்னறையில் முதன்முறையாகப் பட்டப்பகலில் பொழுது அடைந்தபோது முத்தலாங்குளத்தில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. பகலிலும் லைட்டைப் போட்டால் கரண்ட் பில் கூடுமே என்று மட்டும் கேட்டார்கள். அதிசயத்தைக் கண்டால் கையெடுத்துக் கும்பிடுவதோ பயந்து ஓடுவதோ மனிதர்களின் வழக்கம். எங்கள் ஊர்க்காரர்கள் இரண்டையும் செய்ய மாட்டார்கள். அதில் தனக்கு என்ன தேறும் என்று பார்ப்பார்கள். ஒன்றும் தேறாது என்று தெரிந்தால் பக்கத்து வீட்டுக்காரனுக்கும் தேறாமல் பார்த்துக்கொள்வார்கள்.

சாத்தூருக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊரில் ஒரு லேபிள் பிரஸ் இருந்தது, தீப்பெட்டியின் மேல் ஒட்டுகிற படத்தாளை அச்சடிக்கிற இடம். அதை மூடியபோது, அங்கே கட்டுக்கட்டாக எண்ணி அடுக்கும் வேலை பார்த்த தங்கபுஷ்பம், பழைய பேப்பர்காரனுக்குப் போகவிருந்த லேபிள் கட்டுகளை எடைக்கு வாங்கித் தள்ளுவண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். சைக்கிள் மிதிக்கும் கிளி, குடை பிடித்த சிங்கம், ரயில் ஓட்டும் ஒட்டகம் என்று எந்தக் காலத்திலோ எவரோ வெற்றிலையை மென்றுகொண்டே யோசித்த படங்கள். குச்சியும் இல்லாமல் பெட்டியும் இல்லாமல் வெறும் மேல்தாளை வைத்து என்ன செய்யப் போகிறாள் என்று ஊர் சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் அவள் புருஷன் செண்பகராஜ், நிலத் தரகன் என்று சட்டைப்பையில் கார்டு வைத்துக்கொண்டு இதுநாள் வரை ஒரு சென்ட் நிலத்தைக்கூட விற்றுக் கொடுக்காதவன்.

வெளிநாட்டில் இந்தத் தாள்களைச் சேர்க்கிற பைத்தியங்கள் உண்டு என்று பிரஸ்ஸில் கம்ப்யூட்டர் பார்த்த பெண் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அதை நம்பி தங்கபுஷ்பம் ஒவ்வொரு லேபிளையும் எவர்சில்வர் தட்டில் வைத்து வெயிலில் போட்டோ எடுத்து, உலகத்தார் கூடி ஏலம் கேட்கிற ஒரு இணையதளத்தில் போட்டாள். எந்தெந்த நாட்டுக்கு அனுப்புவாய் என்று அது கேட்டதற்கு எல்லா நாட்டுக்கும் என்று பதில் கொடுத்தாள். ஜெர்மனிக்காரரும் ஜப்பான்காரரும் ஒரு கிளிக்காக ஒருவரையொருவர் மிஞ்சிக்கொண்டு விலை ஏற்றினார்கள். பேங்கில்தான் கொஞ்சம் இழுத்தார்கள். வெள்ளைக்காரன் உனக்கு எதற்குப் பணம் அனுப்புகிறான் என்று ஆபீசர் கேட்டார். தீப்பெட்டி லேபிளுக்கு என்றாள். குச்சி எங்கே என்று கேட்டார். குச்சி கிடையாது என்றாள். இப்படியே அரை நாள் போன பிறகு, ஏற்றுமதி என்று ஒரு கட்டத்தில் எழுதிக்கொண்டு கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

முதல் பணம் வந்தது ஒரு காலை வேளையில், அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருந்தபோது. ஜெர்மனிக்காரர் பணம் கட்டிவிட்டார், மூன்று நாளுக்குள் பொருளை அனுப்பு என்று போனில் செய்தி விழுந்த அந்த நொடியில், கிளி லேபிள் இருந்த முன்னறை இருண்டது. ஜன்னலுக்கு வெளியே தெருவுக்குப் பதிலாக இருட்டும் நாலைந்து நட்சத்திரங்களும் தெரிந்தன; சுவர்க்கடிகாரத்தின் முள்கள் தாமாகவே பின்னால் போய் ஜெர்மனியின் விடியாத பொழுதில் நின்று, அங்கிருந்து ஒழுங்காக ஓட ஆரம்பித்தன. நிலைப்படியைத் தாண்டி ஒரு எட்டு வைத்தால் அங்கே கரிசல் காட்டு வெயில் மண்டையைப் பிளந்தது. தங்கபுஷ்பம் லைட்டைப் போட்டாள், லேபிளை இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டினாள், மழையில் நனையாமலிருக்க பிளாஸ்டிக் கவரில் போட்டு ஓரத்தை மெழுகுவர்த்தியில் காட்டி ஒட்டினாள், விலாசம் எழுதி, உள்ளே இருப்பது என்ன என்று சுங்கத்துக்குச் சொல்லும் பச்சைச் சீட்டை ஒட்டி தபால் ஆபீசுக்குக் கொண்டுபோனாள். அங்கே முத்திரையைக் குத்தி ரசீதைக் கிழித்துக் கொடுத்த நேரத்தில் இங்கே முன்னறையில் வெளிச்சம் திரும்பியது.

பணம் வந்தால் வாங்குகிறவருடைய நேரமும் கூடவே வருகிறது, பொருளை அனுப்பினால் அதுவும் பொருளோடு போய்விடுகிறது. அவளுக்கு இது நியாயமாகவே பட்டது. கணக்கு நேராக இருந்தால் காரணம் கேட்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. ஒருமுறை இரண்டு ஆர்டர் சேர்ந்து வந்து அறையின் ஒரு பாதியில் நண்பகலும் மறுபாதியில் நள்ளிரவுமாகி, நடுவில் படுத்திருந்த பூனைக்கு ஒரு கண் கோடாகவும் ஒரு கண் வட்டமாகவும் ஆகிப் போனது. அன்றிலிருந்து ஒரு பார்சலை அனுப்பிய பிறகுதான் அடுத்த ஏலத்தை முடிப்பது என்று வைத்துக்கொண்டாள்.

ஊர் இதில் மூக்கை நுழைத்தது ஒரு வெள்ளிக்கிழமை. செண்பகராஜ் யாருக்கோ இடம் பேசி முடித்து முன்பணம் கைமாற வேண்டிய நேரத்தில் ராகுகாலம் வந்துவிட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு யாவாரம் கைக்கு வரும்போது ராகு வந்து நிற்கிறதே என்று தலையில் கைவைத்தவன், முன்னறையைப் பார்த்தான். உள்ளே ஜெர்மனியில் அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது, ராகுகாலத்துக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது. இரு தரப்பையும் உள்ளே உட்காரவைத்துக் கைமாற்றிவிட்டான். அந்த இடத்தில் பட்டாவே இல்லை என்பது பிறகு தெரிந்தது, அது வேறு விஷயம். ஆனால் ராகுகாலம் நுழையாத அறை ஒன்று இருக்கிறது என்ற சேதி பரவிவிட்டது.

அதற்கப்புறம் வந்த கூட்டத்தைச் சொல்லி மாளாது. புரட்டாசி சனிக்கிழமை கவுச்சி தொடாத உத்தமர்கள், நியூசிலாந்துக்காரி ஒருத்தி லேபிள் வாங்கிய வாரத்தில், சனிக்கிழமை சாயங்காலமே அந்த அறையில் ஞாயிற்றுக்கிழமை பிறந்துவிடுகிறது என்று கண்டுபிடித்து, தூக்குவாளியில் கோழிக்குழம்போடு வந்து வரிசையில் நின்றார்கள். குழம்பை வீட்டில் வைத்தால் பாவம் என்று சாத்தூர் புரோட்டாக் கடையில் வாங்கிவந்தார்கள். அங்கே சமைத்தவன் தலையில் பாவம் விழுமே என்ற கவலை ஒருவருக்கும் இல்லை. மார்கழி பிறந்த அன்று காலையில், கார்த்திகைக்குள் மண்டபம் கிடைக்காமல் தவித்த ஒரு குடும்பம், மெக்சிகோவில் இன்னும் நேற்று சாயங்காலம்தான் ஆகிறது என்பதால் முன்னறையிலேயே தாலி கட்டி முடித்தது. பத்துக்குப் பன்னிரண்டு அறை. இடம் போதாமல் நாதஸ்வரக்காரர் ஒரு காலைக் கார்த்திகையிலும் ஒரு காலை மார்கழியிலும் வைத்துக்கொண்டு ஊதினார். ஜோசியர் சங்கரலிங்கம் பஞ்சாங்கத்தின் ஓரத்தில் நாடு நாடாக நேரம் குறித்துக்கொண்டு அந்த வீட்டு வாசலிலேயே நாற்காலி போட்டுவிட்டார். வானத்து நட்சத்திரம் பூமியில் இருக்கிற எல்லாருக்கும் ஒன்றுதான் என்பது அந்த மனிதருக்குத் தெரியாமல் இருக்காது. தெரியாததுபோல் இருப்பதில் வருமானம் இருந்தது.

அறையில் நடந்ததெல்லாம் பார்சலோடு சேர்ந்தே போனது. நியூசிலாந்துக்காரி, கவரைப் பிரித்ததும் வீடு முழுக்க மசாலா வாசனை வந்தது, நாய் உறையை விடாமல் நக்குகிறது, மிக்க நன்றி என்று எழுதி ஐந்துக்கு ஐந்து போட்டிருந்தாள். மெக்சிகோக்காரர், லேபிளை எடுக்கும்போது ஒரு குழல் ஊதியது, என் வயதான தாயார் எழுந்து ஆடினார் என்று எழுதியிருந்தார். இதைப் படித்துக் காட்டியபோது ஊருக்குப் பெருமை தாங்கவில்லை. நம்ம ஊர்க் குழம்பு வாசம் நியூசிலாந்து வரை போயிருக்கிறது என்று டீக்கடையில் நெஞ்சை நிமிர்த்தினார்கள், என்னவோ இவர்களே சுமந்துகொண்டு போய்க் கொடுத்ததுபோல.

தங்கபுஷ்பத்துக்கு வேண்டியது ஒன்றுதான். பணம் கொடுத்தவருக்குப் பொருள் சொன்ன நாளில் கிளம்ப வேண்டும். ஊருக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர். நேரம் போய்விடக் கூடாது என்பதற்காகப் பார்சலை வைத்திரு, இன்னும் இரண்டு நாள், எங்கள் அத்தை வரட்டும், எங்கள் கேஸ் முடியட்டும் என்றார்கள். அவள் மறுத்தால் செண்பகராஜ் அவள் போனை எடுத்து, வாங்கியவர்களுக்கு அவனே சமாதானம் எழுதினான். எங்கள் ஊரில் வெள்ளம் என்று எழுதினான், கடைசியாக வெள்ளம் வந்ததை எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை. மாமியார் இறந்துவிட்டார் என்று எழுதினான். கோவில்பட்டியில் மணிக்கு ஒரு டீ குடித்துக்கொண்டு நன்றாக இருக்கும் அந்த அம்மாளை அவன் ஒரே வருஷத்தில் நாலைந்து நாட்டுக்காரர்களிடம் சாகடித்தான்.

அப்படி ஏமாந்தவர்களில் ஒருவர்தான் கனடாவின் மேற்குக் கரையில் இருக்கும் கோர்டன் என்பவர், ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். ரயில் ஓட்டும் ஒட்டகத்தின் லேபிளை அவர் கேட்டதுபோல் யாரும் எதையும் கேட்டிருக்க மாட்டார்கள், விட்டுக்கொடுக்காமல் ஏலத்தில் நின்று எடுத்தார். மாமியார் இறந்துவிட்டார் என்று செண்பகராஜ் எழுதியதும் ஆறுதல் சொல்லி நீளமாகப் பதில் போட்டார். லேபிளுக்கு அவசரமே இல்லை, முதலில் உங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அதைப் படித்த தங்கபுஷ்பத்துக்கு அவமானத்தில் சோறு இறங்கவில்லை. செண்பகராஜ், பார்த்தியா ஆள் நல்லவன், எவ்வளவு நாள் வேணும்னாலும் வச்சுக்கலாம் என்றான்.

வைத்துக்கொள்வதற்கு ஒரு காரணமும் வந்து சேர்ந்தது. தீப்பெட்டி மருந்தை இருப்பு வைக்கும் கிட்டங்கியும் லாரிகளும் வைத்திருக்கிற தெய்வேந்திரனின் மருமகள் அழகுமீனாவுக்கு அது தலைப்பிரசவம். டாக்டர் சொன்ன தேதி மூல நட்சத்திரத்தில் விழுந்தது. வயிற்றின் வாட்டத்தை வைத்தே அது பெண்தான் என்று ஜோசியர் சொல்லிவிட்டார். மூலத்தில் பிறந்த பெண் மாமனாருக்கு ஆகாது, நாளைக்கு எவன் கட்டுவான் என்று தெய்வேந்திரன் இன்னும் பிறக்காத பிள்ளைக்கு மாப்பிள்ளை கிடைக்காத கவலையில் தூக்கம் கெட்டார். முன்கூட்டியே ஆபரேஷன் செய்து நல்ல நட்சத்திரத்தில் எடுத்துவிடலாமா என்று கேட்டுப் போனவரை, பிள்ளைக்கு எடை போதாது, வெளியே போங்கள் என்று டாக்டரம்மா விரட்டிவிட்டார். அப்போதுதான் ஜோசியர் கனடாவைக் காட்டினார். வெளியே மூலம் விடிந்த பிறகும், இங்கே பொழுது சாயும் வரை அந்த அறையில் முந்தின நாள் கேட்டைதான் நடக்கும். கேட்டையும் சுத்தமில்லையே என்று யாரோ கேட்டதற்கு, அது புருஷனுடைய அண்ணனுக்குத்தான் ஆகாது, அண்ணன் இல்லாத மாப்பிள்ளையாகப் பார்த்துக் கட்டினால் போயிற்று என்றார். இவ்வளவு பெரிய மூளைகள் எங்கள் ஊரில் சும்மா கிடக்கின்றன.

செண்பகராஜுக்குத் தெய்வேந்திரன் தன் லாரி ஆபீசில் ஒரு சுழல் நாற்காலி தருவதாகச் சொன்னார். அந்த நாற்காலிக்காக அவன் ஒட்டகப் பார்சலை முன்னறைப் பரணில் போட்டு, அறையைப் பூட்டி, சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டான். தங்கபுஷ்பம் சண்டை போட்டாள், ரெண்டு நாள் சமைக்காமல் கிடந்தாள், தெருவில் நின்று கத்தியும் பார்த்தாள். தெருக்காரர்கள் வந்து நியாயம் பேசினார்கள். ஒரு கவரைத் தாமதமாக அனுப்பினால் உனக்கு என்ன குறைந்துவிடும், ஒரு குடும்பத்தின் நல்லதுக்குத்தானே என்றார்கள். அந்தக் குடும்பத்தில் அழகுமீனா என்று ஒருத்தி இருப்பது அந்தப் பேச்சில் எங்கும் வரவில்லை.

வலி வந்தது மூலம் பிறந்த அன்று காலையில், சொல்லிவைத்ததுபோல. ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறோம் என்று நினைத்து காரில் ஏறிய பெண்ணை இந்த வீட்டு வாசலில் இறக்கினார்கள். அவள் புருஷன் அப்பாவின் முகத்தைப் பார்த்தான், அப்பா தலையாட்டியதும் பையை எடுத்து உள்ளே வைத்தான். அறைக்குள் கனடாவின் நேற்றைய சாயங்காலம் முடிந்து இரவு ஏறிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்ற சீனியம்மாளைக் கூட்டிவந்திருந்தார்கள். வீட்டுக்காரி என்பதால் தங்கபுஷ்பத்தையும் உள்ளே விட்டார்கள். கூடத்தில், அறைக்கதவை ஒட்டி, தெய்வேந்திரனும் ஜோசியரும் செண்பகராஜும் அந்தப் புருஷனும் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். காபி வந்தது, குடித்தார்கள்.

அழகுமீனா கத்தினாள். மனுஷ உடம்பிலிருந்து வருகிற சத்தம் எதுவரை போகுமோ அதுவரை போய்க் கத்தினாள். தெருவில் படுத்திருந்த நாய் எழுந்து ஊருணிப் பக்கம் ஓடியது. கூடத்தில் தெய்வேந்திரன், இந்த வருஷம் தீக்குச்சி மருந்துக்கான குளோரேட் விலை எப்படி ஏறியது என்பதை ஜோசியருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். உள்ளே நடப்பது நேற்று, அதனால் அந்தச் சத்தம் எங்களுக்கு வரவில்லை என்று பிற்பாடு நால்வரும் ஒரே குரலில் சொன்னார்கள். நேற்றின் சத்தம் நாய்க்கு மட்டும் எப்படிக் கேட்டது என்று அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

நேரம் போகப் போகச் சீனியம்மாளின் முகம் மாறியது. கதவைத் திறந்து வந்து நின்றாள்.

"பிள்ள குறுக்க கெடக்கு அண்ணாச்சி. இது ஆஸ்பத்திரி கேசு. இப்பவே தூக்கிட்டுப் போனா ரெண்டையும் காப்பாத்தலாம்."

தெய்வேந்திரன் ஜோசியரைப் பார்த்தார், ஜோசியர் பஞ்சாங்கத்தைப் பார்த்தார். "பொழுது சாயற வரைக்கும் நல்ல நேரம் இருக்குல்ல," என்றார் தெய்வேந்திரன், "அதுக்குள்ள பெத்துருவா. நீ போய்ப் பாரு." கதவு மறுபடி சாத்தப்பட்டது.

இருட்டில், லைட் வெளிச்சத்தில், அழகுமீனா தங்கபுஷ்பத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியில் வளையல் ஒன்று உடைந்தது. "மதினி, என்னை இங்கேருந்து கொண்டு போயிருங்க," என்றாள். அவ்வளவுதான் அவளால் பேச முடிந்தது.

தங்கபுஷ்பம் அண்ணாந்து பரணைப் பார்த்தாள். ஸ்டூலைப் போட்டு ஏறி, தூசியோடு கிடந்த ஒட்டகப் பார்சலை எடுத்தாள். நால்வரைத் தாண்டித்தான் வாசலுக்குப் போக வேண்டும், புருஷன் கண்ணில் கவர் பட்டால் அவ்வளவுதான். பார்சலை வாளியின் அடியில் வைத்தாள். அதன் மேல், ரத்தமும் பனிக்குடத்து நீருமாய் ஊறிக்கிடந்த துணிகளை அள்ளிப் போட்டாள். சீனியம்மாள் பார்த்தாள், கதவைத் திறந்துவிட்டாள்.

தீட்டுத் துணி வருகிறது என்றதும் கூடத்தில் நான்கு ஆண்களும் எழுந்தார்கள். ஜோசியர் வேட்டியை இழுத்துப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டினார். தெய்வேந்திரன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, சீக்கிரம் போகச் சொல்லிக் கையை ஆட்டினார். செண்பகராஜ் மனைவிக்கு வழிவிட்டதே கல்யாணமான இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான். உலகத்தையே சோதனை போடுகிற கண்கள் அந்த வாளிக்குள் மட்டும் பார்க்கவில்லை. அவள் நடுக்கூடத்தில் நிதானமாக நடந்து வெளியே போனாள்.

தபால் ஆபீசில் கவுண்டரை மூடப் போகிற நேரம். துணிகளை விலக்கிப் பார்சலை எடுத்து, முந்தானையால் துடைத்து வைத்தாள். உள்ளே ஒரு சொட்டு ஈரம் இறங்கவில்லை. மெழுகுவர்த்தியில் ஒட்டிய ஓரம் அப்படியே இருந்தது. கவுண்டரில் இருந்தவர் வாளியைப் பார்த்தார், அவள் புடவையைப் பார்த்தார், பார்சலை எடை போட்டார். பச்சைச் சீட்டில் உள்ளதைச் சத்தமாக வாசித்தார்: பழைய தீப்பெட்டி லேபிள், ஒன்று. ஆமாம் என்றாள். முத்திரை விழுந்தது.

முன்னறையில் சுள்ளென்று வெயில் அடித்தது. ஜன்னலில் தெரு வந்தது, எதிர்வீட்டுக் கொடியில் காயும் துணி வந்தது. கடிகாரத்தின் முள்கள் முன்னோக்கி ஓடி மூல நட்சத்திரத்தின் நட்டநடு மதியத்தில் நின்றன. கதவிடுக்கில் வெளிச்சத்தைப் பார்த்த ஜோசியர் செருப்பைத் தேடினார். போர் போட நீரோட்டம் பார்க்க வரச் சொல்லியிருக்கிறார்கள், மறந்தே போய்விட்டேன் என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினார். தெய்வேந்திரன் கதவைத் திறந்து, பெண் கிடந்த கோலத்தைப் பார்க்காமல் ஜன்னலை மட்டும் பார்த்தார்.

"இனி இங்க கெடந்து என்ன பிரயோசனம்," என்றார், "ஆஸ்பத்திரிக்கே கொண்டு போங்க."

இப்படித்தான் அழகுமீனாவை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப அவருக்கு மனம் வந்தது. அங்கே வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்தார்கள். பெண்தான். ஜோசியர் வாழ்க்கையில் சரியாகச் சொன்னது அது ஒன்று. தாய்க்கு ரத்தம் நிற்காமல் போய், பிழைப்பாளா மாட்டாளா என்று சொல்ல முடியாமல் சில நாள் இழுத்து, கடைசியில் பிழைத்தாள்.

ஊர் தங்கபுஷ்பத்தைக் காறித் துப்பியது. ஒரு அரை நாள் பொறுத்திருந்தால் அந்தப் பிள்ளை கேட்டையில் பிறந்திருக்கும், ஒரு கவருக்காகக் குடியைக் கெடுத்தாளே என்றது. சுழல் நாற்காலி போன துக்கத்தில் செண்பகராஜ் அம்மா வீட்டுக்குப் போய்விட்டான், அவனைத் திரும்பக் கூப்பிட யாரும் ஆள் அனுப்பவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தவர்களிடம் தெருவே கூடி விசாரித்தது. பிள்ளை என்ன, எத்தனை மணிக்கு, எந்தப் பாதம், மாமனாருக்கு உயிருக்கே கண்டமா, பரிகாரம் உண்டா, தொட்டில் யார் போடுவது. தெய்வேந்திரன் பேத்தியைப் பார்க்கவே போகவில்லை. பெற்றவள் எப்படி இருக்கிறாள் என்று இந்த ஊரில் ஒரு நாக்கு கேட்கவில்லை. நான் கவனித்துக்கொண்டே இருந்தேன், அதனால் அடித்துச் சொல்கிறேன்.

தங்கபுஷ்பம் லேபிள் கட்டுகளையெல்லாம் பின்னால் ஆட்டுக்கொட்டகைக்கு மாற்றிவிட்டாள். பிறநாட்டு நேரமெல்லாம் இப்போது அங்கேதான் வந்து இறங்குகிறது. ஆடுகள் இருட்டினால் படுக்கின்றன, விடிந்தால் எழுகின்றன, அவற்றுக்கு ராகுகாலம் கிடையாது. புழுக்கை நாற்றத்தில் கல்யாணம் வைக்க யாரும் வரவில்லை. பார்சல்கள் சொன்ன நாளில் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தன.

கோர்டனிடமிருந்து பதில் வந்தது அதற்குப் பிறகு. அவர் மதிப்பெண் எதுவும் போடவில்லை, கடிதமாக எழுதியிருந்தார். லேபிள் ஒரு மடிப்பு இல்லாமல் வந்தது, ஒட்டகம் மிக அழகு என்று ஆரம்பித்திருந்தார். கவரைப் பிரித்தபோது ஒரு பெண் கத்துகிற சத்தம் கேட்டது என்றும், அவர் மனைவிக்கும் அது கேட்டது என்றும், கவரைக் கீழே வைத்தும் நிற்கவில்லை, இருவரும் என்ன செய்வதென்று தெரியாமல் அந்த மேஜையைவிட்டு நகராமல் அது அடங்கும் வரை உட்கார்ந்திருந்தோம் என்றும் எழுதியிருந்தார். அடங்கிய பிறகு அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று எங்களுக்குத் தெரியவில்லை, அவள் நலமா, அதைத் தெரிந்துகொள்ளாமல் இந்தப் பொருளுக்கு மதிப்பெண் போட எனக்குக் கை வரவில்லை என்று முடித்திருந்தார்.

தங்கபுஷ்பம் போனை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். அழகுமீனா பெற்றவர்கள் வீட்டில் இருந்தாள். புருஷன் வீட்டிலிருந்து கூட்டிப் போக யாரும் வந்திருக்கவில்லை. பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவளிடம் கடிதத்தை மெல்லத் தமிழில் சொன்னாள். மத்தியானம், வீட்டில் வேறு யாரும் இல்லை. அழகுமீனா இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

"அந்த ஊரு ரொம்பத் தூரமா மதினி?"

"கடல் தாண்டி. பார்சல் போயிச் சேரவே மூணு வாரம் ஆகுது."

அழகுமீனா கொஞ்ச நேரம் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அம்புட்டுத் தூரம் கேட்டுருக்கு," என்றாள். "எங்க மாமா கதவ ஒட்டித்தான் சேர் போட்டு உக்காந்திருந்தாரு."

என்ன பதில் எழுதட்டும் என்று தங்கபுஷ்பம் கேட்டாள்.

"ரெண்டு பேரும் இருக்கோம்னு எழுதுங்க."

ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டி, பிழை இருக்கிறதா என்று பார்த்து, தங்கபுஷ்பம் அதை அனுப்பினாள். கனடாவில் அப்போது நடுச்சாமம். பதில் உடனே வந்தது.